வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு இலக்கணப் பாடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? நோட்டிலிருந்து தொடங்கும் ஒரு வழி

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, மகனுக்குப் பதினொரு வயது நடந்தபோது, தபாலில் ஓர் இலக்கணத் தொகுப்பை வரவழைத்தேன். வழவழப்பான தாள், நான்கு பாகங்கள், ஒவ்வொன்றின் கடைசியிலும் நூறு கேள்விகள். அதன் விலையைப் பற்றிப் பேச்செடுத்தால் என் கணவர் இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மூன்று மாதம் ஒரு நாள் விடாமல் நடத்தினேன். குற்றியலுகரத்தின் (சொல்லின் கடைசியில் குறுகி ஒலிக்கும் உகரம்) ஆறு வகைகளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கிற அளவுக்குப் பையன் தேறிவிட்டான். அந்த வாரமே திருச்சியில் இருக்கும் தன் மாமாவுக்கு ஒரு கடிதம் எழுதினான்: "ஆத்துல தண்ணி வந்துடுச்சி மாமா. எல்லோரும் பார்க்க போணோம்."

மேட்டூரில் அணையைத் திறந்தும் கடைமடைக்குத் தண்ணீர் வராத கதைதான். பாடம் தலைமடையிலேயே நின்றுவிட்டது. அன்று அந்தத் தொகுப்பு பரணில் ஏறியது, இன்னும் இறங்கவில்லை.

இப்போது அவனுக்குப் பதினான்கு வயது, அவன் தங்கைக்குப் பதினொன்று. கும்பகோணத்துக்குக் கிழக்கே வாய்க்கால் ஓரத்தில் வீடு. இருவரும் வீட்டிலேயே படிக்கிறார்கள். மகளுக்குப் பாடம் தேடியபோது கடைக்குப் போவதற்கு முன்பே வேலையைத் தொடங்கினேன். அந்த முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையிலான வயதுக்கு இது பொருந்தும். பெரும்பகுதி தமிழ் இலக்கணம் பற்றியது. ஆங்கிலத்துக்குத் தனியாக ஒரு படி பின்னால் வருகிறது.

முதல் படி: போய்ச் சேரும் இடத்தை முடிவு செய்யுங்கள்

வீட்டுக்கல்விக்கு என்று தனிப் பதிவு முறை எதுவும் நம்மிடம் இல்லை. ஆனால் பிள்ளை ஒருநாள் ஏதோ ஒரு தேர்வுக் கூடத்தில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். அதற்குப் பன்னிரண்டரை வயது நிறைந்திருக்க வேண்டும். தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வுக்குப் பதிவு செய்யப் பதினான்கு வயது நிறைந்திருக்க வேண்டும். அங்கும் தமிழை மொழிப்பாடமாக எடுக்கலாம். நாள்களையும் விதிகளையும் அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த வழியானாலும் செய்ய வேண்டிய வேலை ஒன்றே. அந்தத் தேர்வின் பழைய வினாத்தாள்கள் இரண்டு மூன்றை எடுத்து, இலக்கணம் தொடர்பான கேள்விகளை மட்டும் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். எத்தனை கேள்வி வரையறை கேட்கிறது, எத்தனை கேள்வி எழுதச் சொல்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். இந்தப் படிக்கு ஒரு மாலைப் பொழுது போதும். பலர் இங்கேயே ஆறு மாதம் தங்கிவிடுகிறார்கள்.

இரண்டாம் படி: புத்தகத்துக்கு முன்பு நோட்டு

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். ஊருக்கே அவர் தமிழய்யா. இந்த முறை புத்தகம் வாங்கும் முன் அவரிடம் யோசனை கேட்போம் என்று, கடைக்காரரிடம் பார்த்துவிட்டுத் தருவதாகச் சொல்லி மூன்று புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு போனேன். திண்ணையில் உட்கார்ந்து முறுக்கு உடைத்துக்கொண்டிருந்தவர் ஒன்றையும் திறக்கவில்லை.

"மருந்துப் பட்டியலைக் காட்டி வைத்தியம் கேட்கிறாயே அம்மா, நோயாளி எங்கே?" என்றார். "பிள்ளையின் நோட்டைக் கொண்டு வா."

நோட்டு என்றால் பாடம் பார்த்து எழுதிய நோட்டு அல்ல. பிள்ளை தானாக எழுதியது மூன்று பக்கமாவது வேண்டும்: ஒரு கடிதம், நேற்று நடந்த ஒன்றைப் பற்றிய குறிப்பு, நீங்கள் வாசிக்க அவள் கேட்டு எழுதிய ஒரு பக்கம். சோதனை என்று சொல்லாதீர்கள். சொன்னால் தெரிந்த சொற்களை மட்டும் எழுதித் தப்பித்துவிடுவாள்.

என் மகள் எழுதியிருந்ததில் மூன்று வரிகள் இவை: "நேற்று அப்பா கூட நாத்தங்காலுக்கு போனேன். வரப்பில் நிறைய குறுவிகள் இருந்தது. மத்தியானம் வாளை இலையில் சாப்பிட்டோம்."

தமிழய்யா இந்த மூன்று வரிகளில் அரை மணி நேரம் நின்றார்.

வாளை இலையில் முதலில் சிரித்தார். "வாளை மீனுக்கு ஏது இலை?" இது மயங்கொலிப் பிழை: ள, ழ. குறுவியும் அதே இனம்: ர, ற. வீட்டில் ஆனி, ஆடி முழுக்கக் 'குறுவை, குறுவை' என்ற நெல் சாகுபடிப் பேச்சுத்தான். அந்தச் சொல்லின் 'று' குருவிக்குள்ளும் புகுந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். 'நாத்தங்கால்' வேறு வகை. தினமும் நாற்றங்காலைப் பார்க்கிறாள், அந்தச் சொல்லை அச்சில் பார்த்ததில்லை. நாற்று + அம் + கால் என்று பிரித்துக் காட்டியதும் அவளுக்கே புரிந்துவிட்டது. ஆத்து என்பது ஆற்று, சேத்து என்பது சேற்று, நேத்து என்பது நேற்று என்று அவளே அடுக்கினாள். 'அப்பா கூட' பேச்சிலிருந்து வந்தது, எழுத்தில் 'அப்பாவுடன்'.

'நாற்றங்காலுக்கு போனேன்' என்பதில் ஒற்று, அதாவது நடுவில் வர வேண்டிய புள்ளி எழுத்து, விடுபட்டிருக்கிறது. நான்காம் வேற்றுமை உருபான 'கு' வெளிப்படையாக வந்தால் அடுத்து வரும் வல்லினம் மிகும்: நாற்றங்காலுக்குப் போனேன். 'நிறைய குருவிகள்' என்பதிலும் அப்படியே; 'நிறைய' என்பது செய என்னும் வாய்பாட்டு வினையெச்சம், எனவே நிறையக் குருவிகள். கடைசியாகக் குருவிகள் 'இருந்தது'. குருவிகள் பலவின்பால், வினைமுற்று ஒன்றன்பால். இருந்தன என்று முடிய வேண்டும்.

மூன்று வரியில் நான்கு வகைப் பிழைகள். வீட்டுக்கு வந்து ஒரு தாளில் நான்கு கட்டம் கிழித்தேன்: மயங்கொலி, பேச்சு வடிவம், ஒற்று, ஒருமை பன்மை. மூன்று பக்கத்திலும் இருந்த பிழைகளைக் கோடு போட்டு எண்ணினேன். ஒற்று முதலிடம், வெகு தூரம் தள்ளி மயங்கொலி. உங்கள் பிள்ளைக்கு வரிசை வேறாக இருக்கலாம். தமிழைப் படிப்பதைவிடக் கேட்பதே அதிகமாக உள்ள வீட்டில் பேச்சு வடிவம் முதலில் நிற்கும். புத்தகம் நிறையப் படிக்கும் பிள்ளைக்கு மயங்கொலிப் பிழை குறைவாக இருக்கும், ஒற்று மட்டும் தடுமாறும்.

இந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் இதற்கு அதில் என்ன இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

மூன்றாம் படி: அரசுப் பாடநூலைத் தூணாக நிறுத்துங்கள், ஆனால் அதன் வரிசையை அல்ல

வீட்டுக்கல்வி பார்க்கும் சிலர் அரசுப் பாடநூலைத் தொடுவதே இல்லை. பள்ளியை விட்ட கோபம் புத்தகத்தின் மேல் இறங்குகிறது. நான் அப்படி நினைக்கவில்லை. 2018, 2019ஆம் ஆண்டுகளில் வந்த ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல்களில் இலக்கணப் பகுதிக்குக் 'கற்கண்டு' என்று பெயர். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அச்சுப் புத்தகமும் விலை குறைவு. மொழிநடை எளிது, எடுத்துக்காட்டுகள் இன்றைய தமிழில் இருக்கின்றன.

அதன் ஓட்டம் சுருக்கமாக இப்படி. ஆறாம் வகுப்பு எழுத்தில் தொடங்குகிறது: முதலெழுத்து, சார்பெழுத்து, மொழிக்கு முதலிலும் இறுதியிலும் வரும் எழுத்துகள், இன எழுத்துகள், மயங்கொலிகள், சுட்டு, வினா, பிறகு நால்வகைச் சொற்கள். ஏழாம் வகுப்பில் குற்றியலுகரம், குறுக்கங்கள், வழக்கு, பகுபதம், தொழிற்பெயர், ஆகுபெயர். எட்டாம் வகுப்பில் எழுத்துகளின் பிறப்பு, வினைமுற்று, எச்சம், வேற்றுமை, தொகைநிலைத் தொடர், புணர்ச்சி, வல்லினம் மிகும் இடங்கள், யாப்பு.

எழுத்து, சொல், தொடர் என்ற இந்த ஏற்பாடு தர்க்கப்படி சரியானது, மரபும் அதுதான். ஆனால் மகளின் தாளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவள் பிழைகளில் முதலிடம் ஒற்றுக்கு. அது எட்டாம் வகுப்பில் வருகிறது. 'குருவிகள் இருந்தது' திருந்த வேண்டுமானால் வினைமுற்று வேண்டும்; அதுவும் எட்டில். அதுவரை இரண்டு ஆண்டுகள் தவறாகவே எழுதிப் பழகினால் கை அதையே பிடித்துக்கொள்ளும். பள்ளியில் ஒரு வகுப்புக்கு ஒரே வரிசைதான் வைக்க முடியும். நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வீட்டில் படிப்பதன் ஆதாயம் இலக்கணத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் இந்த இடத்தைத்தான் காட்டுவேன்.

ஆகவே இரண்டு தடம் வைத்துக்கொண்டேன். ஒன்று பாடநூலின் வரிசையில் மெதுவாகப் போகும்; வாரத்தில் இரண்டு நாள். மற்றது பிழைத் தாளின் வரிசையில் போகும்; அதுவும் இரண்டு நாள், ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம். ஒற்றுக்கு எட்டாம் வகுப்புப் பாடத்தை அப்படியே கொடுக்கவில்லை. நான்கு விதிகளை மட்டும் பொறுக்கினேன்:

அந்த, இந்த, எந்த ஆகியவற்றுக்குப் பின் மிகும்: அந்தப் படகு. ஆனால் அது, இது, எது என்பவற்றுக்குப் பின் மிகாது: அது பறந்தது.

ஐ, கு என்ற உருபுகள் வெளிப்படையாக வந்தால் மிகும்: மாட்டைக் கட்டினான், சந்தைக்குப் போனான்.

அகரத்தில் முடியும் வினையெச்சத்துக்குப் பின் மிகும்: பார்க்கப் போனோம், வரச் சொன்னார். பெயரெச்சத்துக்குப் பின் மிகாது: வந்த பையன், பெரிய பானை.

வல்லின மெய்யை அடுத்து வரும் வன்தொடர்க் குற்றியலுகரத்துக்குப் பின் மிகும்: நாற்றுப் பறித்தார்கள். மெல்லின மெய்யை அடுத்து வரும் மென்தொடரானால் 'கரும்பு தின்றார்கள்' என்று அப்படியே நிற்கும்.

விதிவிலக்குகள் இருக்கின்றன, அவை எட்டாம் வகுப்புக்குக் காத்திருக்கட்டும். ஒரு வாரத்துக்கு ஒரு விதி அல்ல, ஒரு மாதத்துக்கு ஒரு விதி. அந்த மாதம் மற்ற ஒற்றுப் பிழைகளை நான் கண்டுகொள்வதில்லை. இது என் மாமியாருக்குப் பிடிக்கவில்லை. "தப்பைப் பார்த்துக்கொண்டே சும்மா இருக்கிறாயே!" என்பார். நாற்றுப் பாவுகிற அன்றே களையும் எடுக்க முடியாது, அத்தை.

நான்காம் படி: துணைப் புத்தகத்தைச் சோதியுங்கள்

பாடநூலில் பயிற்சிகள் போதாது. துணைக்கு ஒரு புத்தகம் வேண்டும். கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் கடைகளில் இலக்கணப் புத்தகங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. பாதிக்கு மேல் போட்டித் தேர்வு எழுதுவோருக்கானவை. அட்டையைப் பார்த்து வாங்காமல் இருக்க நான் வைத்திருக்கும் சோதனைகள் இவை.

முதலில் முன்னுரையைப் படியுங்கள். இலக்கணம் சொல்லித்தர வந்தவரின் முன்னுரையிலேயே 'மாணவர்களுக்கு பயன்படும்' என்று ஒற்று இல்லாமல் இருந்தால் புத்தகத்தைத் திரும்ப அடுக்கில் வைத்துவிடலாம். சிரிக்காதீர்கள். நான் இப்படி இரண்டு புத்தகங்களை வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அடுத்தது குற்றியலுகரப் பாடம். இதைத்தான் எல்லாப் புத்தகத்திலும் திறந்து பார்ப்பேன். ஆறு வகை, ஆறு எடுத்துக்காட்டு, கீழே 'குற்றியலுகரம் எத்தனை வகைப்படும்?' என்ற கேள்வி; அதோடு முடிந்தால் அது ஒப்பிக்க வைக்கும் புத்தகம். நல்ல புத்தகம் இன்னும் இரண்டு காரியம் செய்யும். 'காசு' குற்றியலுகரம், 'பசு' ஏன் அல்ல என்று கேட்கும். தனிக் குற்றெழுத்தை அடுத்து வருவதால் பசுவின் உகரம் குறுகுவதில்லை. 'உழவு', 'கதவு' ஆகியவற்றில் வல்லின மெய் இல்லாததால் அங்கும் குறுகுவதில்லை. காசையும் பசுவையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்க்கச் சொன்னால் பிள்ளையின் காதே விடை சொல்லிவிடும்.

இரண்டாவது, இந்த வகைப்பாடு எதற்கு என்று அது சொல்ல வேண்டும். ஆறு வகையைத் தெரிந்து பிள்ளைக்கு என்ன ஆகப்போகிறது? புணர்ச்சிக்கு ஆகும். ஆறு + நீர் = ஆற்றுநீர்; கிணறு + நீர் = கிணற்றுநீர். ஆறு போன்ற நெடில்தொடரிலும் கிணறு போன்ற உயிர்த்தொடரிலும் ட, ற வந்தால் வேற்றுமைப் பொருளில் இரட்டிக்கும். மாடு + வண்டி மாட்டுவண்டி ஆவதும், வீடு + வாசல் வீட்டுவாசல் ஆவதும் இதே கணக்கு. வன்தொடரானால் பின்னால் வல்லினம் மிகும் என்பதை மேலே பார்த்தோம். ஏழாம் வகுப்பில் படிக்கும் குற்றியலுகரம் எட்டாம் வகுப்பில் படிக்கும் புணர்ச்சிக்கு மதகு. இந்த இணைப்பைக் காட்டாமல் இரண்டையும் இரண்டு தீவுகளாக விட்டுவிடும் புத்தகங்கள்தான் அதிகம். என் மகனுக்கு நடந்தது இதுதான் என்பது எனக்குப் பிந்தித்தான் உறைத்தது: அவனுக்கு 'வன்தொடர்' தெரியும், 'நாட்டுப் பற்று' என்று எழுத அது உதவும் என்பது தெரியாது.

மூன்றாவது சோதனை, வேடிக்கையானது. 'மரூஉ' (பேச்சில் சிதைந்து சுருங்கிய பெயர்) பகுதியைத் திறந்து நம் ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். தஞ்சாவூர் தஞ்சை, நாகப்பட்டினம் நாகை, மன்னார்குடி மன்னை; சரி. பல பட்டியல்களில் கும்பகோணம் குடந்தை என்றும் இருக்கும். ஆனால் ஆழ்வார்கள் பாடியதே திருக்குடந்தை. பழைய பெயர் எப்படிப் புதுப் பெயரின் சிதைவாகும்? இந்தக் கேள்வியைப் பிள்ளையிடமே கேட்டுவிடுங்கள். புத்தகம் எழுதியவர் யோசித்து எழுதினாரா, பட்டியலைப் பார்த்துப் பட்டியல் எழுதினாரா என்பதும் தெரிந்துவிடும். இதற்காக மட்டும் புத்தகத்தைத் தள்ள வேண்டாம்.

கடைசியாகப் பயிற்சிகள். ஏதாவது பத்துப் பக்கத்தை எடுத்துக்கொண்டு 'வகைகள் யாவை, வரையறுக்க, கோடிட்ட இடத்தை நிரப்புக' என்பவற்றை ஒரு பக்கமும், 'பிழை நீக்கி எழுதுக, பன்மையாக மாற்றுக, பேச்சு வழக்கை எழுத்து வழக்காக்குக, சொந்தத் தொடரில் அமைத்து எழுதுக' என்பவற்றை ஒரு பக்கமும் எண்ணுங்கள். இரண்டாம் வகை மூன்றில் ஒரு பங்காவது இல்லையென்றால் நான் வாங்குவதில்லை. பின்னால் விடைகள் இருக்க வேண்டும். நமக்கும் தெரியாத இடங்கள் வரும், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

எடுத்துக்காட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. எந்தப் புத்தகமும் நம் வயலை அறிந்து எழுதப்பட்டதல்ல. அதை நாம்தான் நிரப்ப வேண்டும், அது ஒன்றும் கடினமில்லை. ஆடுதுறை வழியாகப் பஸ்ஸில் போகும்போது பெயர்ப் பலகையைக் காட்டுங்கள்: ஆடிய துறை, ஆடுகின்ற துறை, ஆடும் துறை, மூன்று காலமும் ஒளிந்திருக்கிறது, வினைத்தொகை. மயிலாடுதுறைக்குள்ளும் அதுவே இருக்கிறது. இலக்கணப்போலிக்கு நம் வாய்க்காலே போதும். முன்பின்னாக மாற்றினால் கால்வாய். பருவத்தின் பெயர் பயிருக்கு ஆகிவரும் காலவாகுபெயருக்குப் பழைய நூல்கள் 'கார் அறுத்தான்' என்று காட்டும். என் மகளுக்கு அது புரியவில்லை. "தாத்தா குறுவை அறுத்தார்" என்றதும், "குறுவை என்பது பருவம் அல்லவா அம்மா, அதை எப்படி அறுப்பது?" என்று அவளே கேட்டாள். பாடம் அங்கே முடிந்துவிட்டது.

ஐந்தாம் படி: பழைய நூல்களை எவ்வளவு தொடலாம்?

இந்தப் பகுதியில் பிறந்தவர்களுக்கு இதில் ஒரு சபலம் உண்டு. திருவாவடுதுறை மடமும், 1880 முதல் உ.வே.சாமிநாதையர் பாடம் சொன்ன கும்பகோணம் கல்லூரியும் இருக்கும் மண். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலை மனப்பாடம் செய்துவிட்டுத்தான் மற்றது என்று சொல்லும் பெரியவர்கள் இன்றும் கிடைப்பார்கள். நன்னூலில் 462 நூற்பாக்கள். பதினொரு வயதுப் பிள்ளையை அதில் இறக்கினால் இலக்கணத்தின் மேல் வெறுப்புத்தான் விளையும்.

ஆனால் முழுவதும் ஒதுக்கவும் வேண்டாம். 'உயிரும் உடம்புமாம் முப்பதும் முதலே' என்ற ஒரே அடியில் முதலெழுத்துப் பாடம் முழுவதும் அடங்கிவிடுகிறது. படித்து முடித்த பாடத்துக்கு முத்திரையாக ஒரு நூற்பா. ஆண்டுக்கு எட்டு, பத்துக்கு மேல் வேண்டாம். நூற்பா பாடத்துக்குப் பின்னால் வர வேண்டும், முன்னால் அல்ல.

தஞ்சாவூருக்குப் போகும் வேலை இருந்தால் சரசுவதி மகாலின் காட்சிக்கூடத்துக்கு அழைத்துப் போங்கள். ஓலைச்சுவடிகளில் மெய்க்குப் புள்ளி இருக்காது. எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும். புள்ளி இல்லாத எழுத்துகளை மெய்யா உயிர்மெய்யா என்று இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டும். எகர, ஏகார வேறுபாட்டை எழுத்தில் தெளிவாக்கியவராகச் சொல்லப்படும் வீரமாமுனிவர் வாழ்ந்த ஏலாக்குறிச்சி கொள்ளிடத்தின் அக்கரையில்தான் இருக்கிறது. ஒற்றுப் புள்ளிக்காக அழுத மகள் அந்தச் சுவடியைப் பார்த்துவிட்டு, "அந்தக் காலத்தில் பிறந்திருக்கலாம்" என்றாள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் உங்கள் ஊரிலும் இருப்பார். மாதத்துக்கு ஒருமுறை நோட்டைக் காட்ட ஒருவர் இருப்பது எந்தத் தொகுப்பையும்விட மேல். கணினியில் தட்டச்சு செய்யும் பிள்ளையானால் 'நாவி' போன்ற சந்திப்பிழை திருத்தியைக் காட்டலாம். பிள்ளை தானே திருத்திப் பார்த்த பிறகு மட்டும்.

ஆறாம் படி: ஆங்கில இலக்கணம்

இதற்கும் நோட்டுதான் தொடக்கம். தமிழ் பேசும் பிள்ளையின் பிழைகளுக்குக் காரணம் பெரும்பாலும் தமிழிலேயே இருக்கிறது. 'அவர் என் மாமா' என்பதில் வினையே இல்லை; அதனால் ஆங்கிலத்தில் 'இஸ்' விடுபடுகிறது. 'வயலில்' என்று உருபைப் பின்னால் ஒட்டிப் பழகியவளுக்கு 'இன்' முன்னால் வருவது புதிது. 'எ', 'தி' ஆகியவற்றுக்குத் தமிழில் நேரான ஒன்று இல்லை. 'ஷி கோஸ்' என்பதன் கடைசி ஒலியை விட்டுவிடுவார்கள். இந்த நான்கையும் திரும்பத் திரும்பப் பயிற்றும் புத்தகம் எதுவோ அது போதும்.

அமெரிக்காவில் வீட்டுக்கல்விக்கென்றே தயாரிக்கும் தொகுப்புகள் அழகாக இருக்கும். வாக்கியத்தைக் கோடு கிழித்துக் கிளை பிரித்துக் காட்டும் முறை அவற்றில் உண்டு. என் மகனுக்கு அது பிடித்தது. ஆனால் விலை டாலரில், எழுத்துக்கூட்டல் அமெரிக்க முறையில், எடுத்துக்காட்டுகளில் பனிப்பொழிவும் பேஸ்பாலும். அதோடு, ஆங்கிலத்தையே வீட்டில் பேசும் பிள்ளைக்காக எழுதியவை அவை. நம் பிள்ளை தடுக்கி விழும் இடத்தை அவை ஒரே பக்கத்தில் கடந்துவிடும். ரென், மார்ட்டின் புத்தகத்தை எல்லா வீட்டிலும் யாராவது சிபாரிசு செய்வார்கள். அதன் தலைப்பிலேயே உயர்நிலைப் பள்ளி என்று இருக்கிறது. அதுவரை பொறுக்கலாம்.

ஒரே வாரத்தில் இரண்டு மொழியின் இலக்கணத்தையும் நடத்தாதீர்கள். வேற்றுமையும் 'பிரிபொசிஷனும்' ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். முறைத் தண்ணீர் மாதிரி, இரண்டு வாரம் இதற்கு, இரண்டு வாரம் அதற்கு.

ஏழாம் படி: ஆண்டுக் கணக்கு

புத்தகத்தின் முன்பக்கத்தில் '40 வாரத் திட்டம்' என்று அச்சிட்டிருப்பார்கள். நம் ஆண்டு அப்படி ஓடுவதில்லை. மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. தண்ணீர் வந்து சேர்ந்ததும் குறுவை வேலை. ஆடிப்பெருக்கு முடியும்வரை பிள்ளைகளின் மனம் ஆற்றில்தான். அந்த நாள்களில் புதிய பாடம் எடுப்பதில்லை. கேட்டு எழுதுதலும் மயங்கொலியும் மட்டும்.

கனமான பாடங்கள் ஐப்பசி, கார்த்திகைக்கு. வெளியே மழை, போக இடமில்லை. புணர்ச்சி, வேற்றுமை, வினைமுற்று எல்லாம் அப்போதுதான். மார்கழியில் காலையில் பாசுரங்களை வாய்விட்டுப் படிக்கச் சொல்வேன். சீர் பிரிவது காதில் விழுந்தால் யாப்புப் பாடம் பாதி முடிந்த மாதிரி. தையில் சம்பா அறுவடை. மூன்று வாரம் புத்தகத்தை மூடிவிடுவோம். மாசியிலிருந்து சித்திரை வரை எழுத்துப் பயிற்சி: கடிதம், விண்ணப்பம், பேச்சை எழுத்தாக்குதல். வெயில் ஏறுவதற்கு முன்பு காலை ஏழு மணிக்கு.

எட்டாம் படி: மாற்ற வேண்டுமா என்று எப்போது பார்ப்பது?

மூன்று மாதம் கழித்து. அதற்கு முன்பு மாற்றினால் எந்தப் புத்தகத்துக்கும் நியாயம் செய்யவில்லை என்று பொருள். ஆறு மாதம் தாண்டவும் விடாதீர்கள். பார்க்கும் முறை: அதே மாதிரி மூன்று பக்கம் புதிதாக எழுதச் சொல்லுங்கள், பழைய தாளில் இருந்த அதே நான்கு கட்டங்களில் கோடு போடுங்கள். நீங்கள் கவனம் வைத்த கட்டத்தில் பிழை குறைந்திருந்தால் புத்தகம் வேலை செய்கிறது, பிள்ளை பாடத்தை ஒப்பிக்காவிட்டாலும்கூட. பயிற்சிப் புத்தகத்தில் எல்லாம் சரியாக எழுதிவிட்டு, கடிதத்தில் பழையபடியே எழுதினால் புத்தகத்தை மாற்றுங்கள், அல்லது பயிற்சியை நிறுத்திவிட்டுக் கடிதத்தையே பாடமாக்குங்கள்.

மகளின் இரண்டாவது தாள் என் முன்னால் இருக்கிறது. இந்த முறை சம்பா நடவைப் பற்றி எழுதியிருக்கிறாள். 'நாற்றங்காலுக்குப்' சரியாக இருக்கிறது. வாழை இலை வாழை இலையாகவே இருக்கிறது. 'அந்த பம்புசெட்டு' என்று ஓர் இடத்தில் ஒற்று விடுபட்டுவிட்டது. மற்ற மூன்று இடத்தில் போட்டிருக்கிறாள். கொக்குகள் மட்டும் இன்னும் வரப்பில் 'நின்றது' என்றே நிற்கின்றன. வினைமுற்றைக் கார்த்திகை வரை நீட்டித்திருக்கிறேன்.